வைக்கலாமா, விற்கலாமா, மாற்றலாமா?

(தாராபுரத்தில் நடந்த கூட்டமைப்பு மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்தக் கூட்டத்துக்கு "சேமிப்பும் முதலீடும்" என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் எந்தக் குழுவுக்குப் போனாலும், சந்தா வசூல் முடிந்து, தீர்மான நோட்டில் கையெழுத்துப் போட்டு, டீ வந்தவுடன் ஒரே பேச்சுதான் நடக்கிறது. "ஏனுங்க, பவுன் இந்த வெலை விக்குதே, இருக்கறதை வித்துப் போடலாமா? இல்ல, இன்னும் ஏறுமா?" குண்டடத்தில் கேட்டார்கள். மூலனூரில் கேட்டார்கள். அலங்கியத்தில் ஒரு அக்கா கழுத்தில் கிடந்ததைக் கையில் பிடித்துக்கொண்டே கேட்டார். அதனால் இன்றைக்கு அதையே பேசிவிடலாம் என்று வந்திருக்கிறோம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நாளைக்கு விலை ஏறுமா இறங்குமா என்று எங்களுக்குத் தெரியாது. நகைக்கடைக்காரருக்கும் தெரியாது. டிவியில் சட்டை போட்டுக்கொண்டு பேசுகிறவருக்கும் தெரியாது. வேண்டுமானால் பழைய கணக்கைப் பாருங்கள். 2012 கடைசியில் ஒரு பவுன் 24,000 ரூபாயைத் தொட்டது. அன்றைக்கும் "இனிமே இறங்கவே இறங்காது" என்றுதான் எல்லாரும் பேசினார்கள். 2013 ஏப்ரலில் சில நாளிலேயே சரிந்தது. கொஞ்சம் ஏறி, மறுபடி இறங்கி, 2015இல் 20,000க்கும் கீழே வந்தது. பழைய 24,000ஐ நிலையாகத் தாண்ட 2019 ஆயிற்று. ஆறு வருசம்! அப்புறம் 2020 ஆகஸ்டில், கொரோனா நேரத்தில், 43,000 வரை போனது. ஏழெட்டு மாதத்தில் 34,000 பக்கம் வந்துவிட்டது. 2025 ஜனவரியில் 60,000. அதே வருசம் டிசம்பரில் 1 லட்சத்தைத் தாண்டியது. இந்தக் கணக்கை முன்கூட்டியே சொன்னவர் யாராவது இந்த மண்டபத்தில் இருக்கீங்களா? அக்கா சிரிக்கிறீங்க.

விலை எங்கிருந்தெல்லாம் ஆடுகிறது என்பதற்கு ஒன்று மட்டும் சொல்கிறோம். 2024 ஜூலை 23ஆம் தேதி மத்திய பட்ஜெட்டில் தங்கத்தின் சுங்க வரியை 15 சதவீதத்தில் இருந்து 6 சதவீதமாகக் குறைத்தார்கள். அன்றைக்கு ஒரே நாளில் பவுனுக்கு 2,000 ரூபாய்க்கு மேல் இறங்கியது. முந்தின நாள் வாங்கினவருக்கு நட்டம், முந்தின நாள் விற்றவருக்கு லாபம். இரண்டு பேரும் ஒன்றும் கெட்டிக்காரத்தனமாகச் செய்யவில்லை, முட்டாள்தனமாகவும் செய்யவில்லை.

அப்படியென்றால் எதை வைத்து முடிவு செய்வது? விலையை விட்டுவிட்டு, நம் வீட்டைப் பார்க்கத் தொடங்க வேண்டும் என்பதுதான் நாங்கள் சொல்ல வந்தது. இந்தப் பொருள் எதற்காக இருக்கிறது, அந்தத் தேவை எப்போது வருகிறது, அதுவரை இதை வைத்திருக்க எனக்கு என்ன செலவாகிறது. இதற்குப் பதில் தெரிந்தால், விலை ஏறினாலும் இறங்கினாலும் பாதி வெசனம் போய்விடும்.

ஒரு அக்காவுக்கு வருகிற தை மாதம் மகள் கல்யாணம். 8 பவுன் போடுவதாகப் பேச்சு. பீரோவில் 8 பவுன் இருக்கிறது. "இப்ப வித்துட்டு, இறங்கினதும் வாங்கிக்கலாமா?" என்று கேட்டார். வேண்டாம் என்று சொன்னோம். விற்கும்போது கடைக்காரர் கழிப்பார். வாங்கும்போது செய்கூலி, சேதாரம், 3 சதவீத ஜிஎஸ்டி எல்லாம் சேரும். விலை நல்லா இறங்கினால்தான் அவருக்குக் கட்டும். ஏறிவிட்டாலோ, சம்பந்தி வீட்டுக்கு முன்னால் நிற்க வேண்டியது அவர்தான். நகையாகவே தேவைப்படுகிற நகை வீட்டிலேயே இருக்கட்டும். அதற்கு விலை பார்க்க வேண்டியதே இல்லை.

இன்னொரு தங்கச்சிக்கு மகன் காலேஜ் பீஸ் ஆனி மாதம் கட்ட வேண்டும். கையில் பணம் இல்லை, 3 பவுன் இருக்கிறது. அவருக்கு வேண்டியது பணம். எத்தனை பணம் என்பதும், எந்த மாதம் என்பதும் தெரியும். இவர் கடைசி நாள் வரைக்கும் விலை பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது. பீஸுக்கு வேண்டிய அளவு மட்டும், அவசரம் வருவதற்கு முன்பே, நிதானமாக இரண்டு கடையில் விசாரித்து விற்றுவிடலாம். மீதி இருக்கட்டும்.

மூன்றாவது ஆள்தான் நம்மில் நிறையப் பேர். நகை இருக்கிறது, ஆனால் வீட்டில் இல்லை. அடகுக் கடையில் இருக்கிறது. இதைப் பற்றித்தான் கொஞ்சம் நிறையப் பேச வேண்டும்.

"நாங்க எங்க நகையை விக்கலீங்க, அப்படியேதான் வெச்சிருக்கறோம்" என்று சொல்வார்கள். எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால் சீட்டைக் காட்டுவார்கள். அடகில் இருக்கிற நகையை "வைத்திருக்கிறோம்" என்று சொல்ல முடியுமா? ஒவ்வொரு மாதமும் அதற்கு வாடகை கட்டிக்கொண்டிருக்கிறோம். 1 லட்சம் ரூபாய் கடன், நூற்றுக்கு இரண்டு வட்டி என்று வையுங்கள். வருசத்துக்கு 24,000. வட்டியைக் கட்டாமல், வருசா வருசம் திருப்பி வைத்து, வட்டியையும் அசலோடு சேர்த்துக்கொண்டே போனால், மூன்று வருசத்தில் 1,90,000 ரூபாய்க்கு மேல் ஆகிவிடும். நூற்றுக்கு ஒரு வட்டி என்றால்கூட 1,40,000. அந்த மூன்று வருசத்தில் பவுன் விலையும் அதே அளவு ஏறினால்தான் நமக்குச் சமம். 2012இல் அடகு வைத்து, 2015 வரை திருப்பித் திருப்பி வைத்தவர்களை நினைத்துப் பாருங்கள். வட்டி ஏறியது, பவுன் இறங்கியது. கடைசியில் பல பேர் நகையைப் பார்க்கவே இல்லை, ஏலத்தில் போய்விட்டது.

இப்போது விலை ஏறியிருக்கிற காலத்தில் வேறொரு ஆசை வருகிறது. "அதே நகைக்கு எச்சாப் பணம் தர்றாங்க, திருப்பி வெச்சு வாங்கிக்கலாம்" என்கிறார்கள். ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் நகைக்கடனுக்குப் புது விதி வெளியிட்டது. 2026 ஏப்ரல் 1க்குள் எல்லாரும் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று சொன்ன விதி. அதன்படி இரண்டரை லட்சம் வரை கடன் என்றால் நகை மதிப்பில் 85 சதவீதம் வரை கொடுக்கலாம். கொடுக்கிறார்கள் என்பதற்காக நாம் வாங்க வேண்டும் என்று இல்லை. நூறு ரூபாய் நகைக்கு 85 ரூபாய் வாங்கிவிட்டால், விலை கொஞ்சம் சரிந்தாலே, நகையை மீட்பதா விடுவதா என்று யோசிக்கிற நிலைக்கு வந்துவிடுவோம்.

அதே விதியில் நமக்கு வேண்டிய விசயமும் இருக்கிறது. கடனை முழுசாகக் கட்டி முடித்தால் 7 வேலை நாளுக்குள் நகையைத் திருப்பித் தர வேண்டும். அவர்கள் பக்கத் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் நமக்குத் தர வேண்டும். ஏலம் விடுவதற்கு முன்னால் முறையாகத் தெரிவிக்க வேண்டும். ஏலத்தில் கடனுக்கு மேல் வந்த பணம் அவர்களுக்குச் சேராது, கடன் வாங்கினவருக்கே திருப்பித் தர வேண்டும். "ஏலம் போயிருச்சு, அவ்வளவுதான்" என்று வீட்டில் உட்கார்ந்துவிட்ட அக்காமார்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். போய்க் கேளுங்கள். எத்தனைக்கு ஏலம் போனது, என் கடன் எத்தனை, மிச்சம் எங்கே என்று எழுத்தில் கேளுங்கள். தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் குழுவில் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள். இது வங்கிக்கும், ரிசர்வ் வங்கியில் பதிவு செய்த நகைக்கடன் நிறுவனத்துக்கும் உள்ள விதி. தெருமுனை அடகுக்கடைக்கு வேறு சட்டம். அங்கே வைப்பதற்கு முன்னால் ரசீது சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

சரி, அடகில் இருக்கிற நகையை என்ன செய்வது? எங்கள் யோசனை, கொஞ்சத்தை விற்று மீதியை மீட்பது. கணக்கு எளிதாக இருக்க ஒரு பவுன் 1 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 5 பவுன் அடகில் இருக்கிறது. அசலும் வட்டியும் சேர்த்து 1,80,000 கட்ட வேண்டும். கையில் பணம் வர வழியே இல்லை. 5 பவுனையும் காப்பாற்ற வேண்டும் என்று பிடிவாதமாக வட்டி கட்டிக்கொண்டே போனால், நாளைக்கு 5 பவுனும் போகலாம். இரண்டு பவுனை விற்று அடைத்துவிட்டால், 3 பவுன் கழுத்துக்கு வந்துவிடும். வட்டியும் நின்றுவிடும். "எங்கம்மா போட்ட நகையாச்சே" என்று மனசு வலிக்கத்தான் செய்யும். அதனால்தான் எதை விற்பது எதை வைப்பது என்று நீங்களே முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். ஏலக்காரர் பிரிக்க மாட்டார்.

இதில் ஒரு சிக்கல். விற்க வேண்டும் என்றால் முதலில் மீட்க வேண்டும், மீட்கப் பணம் வேண்டும். "அடகு நகையை நாங்களே மீட்டு வாங்கிக்கறோம்" என்று போர்டு வைத்த கடைகள் இருக்கின்றன. அவசரத்தில் போகிறவரிடம் எவ்வளவு வேண்டுமானாலும் கழிக்கலாம் என்று அவர்களுக்குத் தெரியும். இந்த இடத்தில்தான் குழு உதவலாம். ஒரு வாரத்துக்கு உள்கடன், தீர்மானம் போட்டு, ஊக்குநரும் இன்னொரு உறுப்பினரும் கூடவே போய் மீட்டு, அன்றைக்கே அல்லது மறுநாளே விற்று, கடனைக் குழுவுக்குத் திருப்பிக் கட்டிவிடலாம். குழுவில் பணம் குறைவு என்றால் மொத்தமாக வேண்டாம், ஒரு சீட்டு, ஒரு சீட்டாக மீட்கலாம்.

விற்கப் போகும்போது உங்கள் கண் முன்னால் எடை போடச் சொல்லுங்கள். கல், அரக்கு எடையைக் கழிப்பது நியாயம். அதற்கு மேல் எதற்குக் கழிக்கிறார்கள் என்று கேளுங்கள். 916 முத்திரையும், 6 எழுத்து எண் கொண்ட ஹால்மார்க் குறியீடும் இருந்தால் தரத்தைப் பற்றி வாக்குவாதம் வராது. பழைய நகைக்கு அது இருக்காது. அதை உரைத்துப் பார்த்துத்தான் விலை சொல்வார்கள். அதனால் ஒரு கடை சொன்ன விலையோடு நிற்காமல் இன்னொரு கடை ஏறி இறங்குங்கள். பணம் வங்கிக் கணக்கில் வரட்டும், உங்கள் பெயரில் உள்ள கணக்கில்.

பவுனை விட்டு இப்போது நம் காட்டுக்கு வருவோம். அங்கேயும் இதே கேள்விதான்.

மஞ்சள் கதை உங்கள் வீட்டு ஆம்பளைகளுக்கு நன்றாகவே தெரியும். 2010இல் ஈரோட்டு மார்க்கெட்டில் குவிண்டால் 17,000 ரூபாய் வரை போனது. "20,000 வரும், வெச்சிருங்க" என்றார்கள். வைத்தார்கள். அந்த விலையைப் பார்த்துவிட்டு ஊரெல்லாம் மஞ்சள் நட்டது. 2012இல் 4,000 பக்கம் வந்து விழுந்தது. கடன் வாங்கி நட்டவர்கள், குடோன் வாடகை கட்டி வைத்தவர்கள், வண்டு விழுந்த மூட்டையோடு நின்றவர்கள் எல்லாரும் சேர்ந்து கஷ்டப்பட்டார்கள். பல வருசம் கழித்து 2023இல் மறுபடி விலை 10,000ஐத் தாண்டி ஏறியது. "பாத்தீங்களா, வெச்சிருந்தா கெடைச்சிருக்கும்" என்று சிலர் சொல்கிறார்கள். பத்துப் பன்னிரண்டு வருசம் மஞ்சளை வைத்திருந்தவர் அதற்குள் எத்தனை வட்டி கட்டியிருப்பார் என்று அவர்கள் சொல்வதில்லை.

கொப்பரையும் அப்படித்தான். 2023இல் கிலோ 80 ரூபாய் பக்கம் கிடந்தது. அரசு ஆதார விலையே 108 ரூபாய் 60 காசு, வெளியில் அதுகூடக் கிடைக்கவில்லை. 2025இல் 200ஐத் தாண்டியது. 80க்கு விற்றவர் தப்புச் செய்தாரா? அவர் வீட்டில் அன்றைக்கு ஆஸ்பத்திரிச் செலவு இருந்திருந்தால், இல்லை. காய் விழ விழ மொத்தத்தையும் ஒரே நாளில் ஒரே வியாபாரியிடம் போடாமல், மூன்று நாலு தடவையாகப் பிரித்து விற்கிறவர்கள் நம் கூட்டமைப்பிலேயே இருக்கிறார்கள். உச்ச விலை முழுசும் அவர்களுக்குக் கிடைக்காது. அடி விலையில் முழுசும் மாட்டவும் மாட்டார்கள். எங்களுக்கு இந்த வழி பிடித்திருக்கிறது. ராத்திரி தூக்கம் வருகிற வழி.

ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் சரக்கை இருப்பு வைத்து, அதன் பேரில் பொருளீட்டுக் கடன் வாங்கலாம். வெளி வட்டியை விட ரொம்பக் குறைவு. அவசரப் பணத்துக்காகச் சரக்கை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடாமல் இருக்க இது உதவும். ஆனால் அதற்கும் கெடு உண்டு. எத்தனை நாள், எத்தனை வட்டி என்று விற்பனைக்கூடத்தில் கேட்டு, நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆட்டைப் பற்றி உங்களுக்கு நாங்கள் சொல்லித்தர முடியாது. ஒன்று மட்டும். பவுனுக்கு வயசாகாது, தீனி வேண்டாம். ஆட்டுக்கு இரண்டும் உண்டு. ஐப்பசி கார்த்திகை மழையில் கொறங்காட்டில் கொழுக்கட்டைப் புல் நிற்கிறபோது ஆடு வைத்திருப்பது லாபம். மாசி பங்குனியில் காடு காய்ந்த பிறகு, காசு கொடுத்துத் தீனி வாங்கிப் போட்டு, "நோம்பிக்கு வெலை வரும்" என்று மொத்தப் பட்டியையும் வைத்திருந்தால் அந்தக் கூடுதல் விலையை ஆடே தின்றுவிடும். 2016இல் மழை பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதையும் வறட்சி என்று அறிவித்தார்கள் அல்லவா? அந்தக் கோடையில் எல்லாரும் ஒரே நேரத்தில் ஆட்டையும் மாட்டையும் சந்தைக்கு ஓட்டினார்கள். வாங்க ஆள் இல்லை. அந்த வருசம் முன்கூட்டியே பாதிப் பட்டியைக் குறைத்தவர்கள் மீதிப் பாதியைக் காப்பாற்றினார்கள்.

வைப்பதும் விற்பதும் பார்த்தோம். மூன்றாவது, மாற்றுவது. நாங்கள் ரொம்பப் பயப்படுவது இதற்குத்தான். விற்கும்போதாவது கையில் பணத்தை எண்ணிப் பார்க்கிறோம். மாற்றும்போது எத்தனை போனது என்றே தெரிவதில்லை.

சின்ன உதாரணம், பழைய நகையைக் கொடுத்துப் புது மாடல் வாங்குவது. 5 பவுன் ஆரம் கொடுத்து 5 பவுன் ஆரம் வாங்குகிறீர்கள். சேதாரம் நூற்றுக்கு 12 என்று வையுங்கள். அரைப் பவுனுக்கு மேல் அதிலேயே போயிற்று. ஜிஎஸ்டியும் சேர்ந்தால் முக்கால் பவுன் மதிப்புக்குப் பணம் கட்டுகிறீர்கள். மூன்று தடவை மாடல் மாற்றினால் இரண்டேகால் பவுன் காணாமல் போயிருக்கும், கழுத்தில் அதே 5 பவுன்தான். ஆசைக்கு ஒரு தடவை மாற்றுவது வேறு, அதை யாரும் குறை சொல்ல மாட்டோம். "முதலீடு" என்று சொல்லி மாற்றாதீர்கள்.

பெரிய உதாரணம் நம் பக்கத்திலேயே நடந்தது. பெருந்துறையில் சுசி ஈமு என்ற கம்பெனி. ஒன்றரை லட்சம் ரூபாய் கட்டினால் 6 குஞ்சு, கொட்டகை, தீவனம் எல்லாம் அவர்களே தருவார்கள். மாதம் 6,000 ரூபாய் பராமரிப்புப் பணம், வருசத்துக்கு போனஸ் வேறு. டிவியில் நடிகர்கள் வந்து சொன்னார்கள். முதலில் சேர்ந்தவர்களுக்குப் பணமும் வந்தது, அதைப் பார்த்துத்தான் அடுத்தவர்கள் சேர்ந்தார்கள். நகையை விற்றுக் கட்டினார்கள், எருமையை விற்றுக் கட்டினார்கள். 2012 ஆகஸ்டில் கம்பெனி கதவு மூடியது. பறவைகள் தீனி இல்லாமல் கிடந்து, கடைசியில் அரசாங்கம் தீவனம் போட வேண்டியதாயிற்று.

அன்றைக்கு ஒரே ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் போதும். "இந்தக் கம்பெனி நாளைக்கு இல்லைன்னா இந்த ஈமுவை யாருக்கு விப்பேன்?" ஆட்டைக் கன்னிவாடிச் சந்தைக்கு ஓட்டலாம், ஒருத்தர் இல்லாவிட்டால் இன்னொருத்தர் வாங்குவார். பவுனை எந்த ஊரிலும் விற்கலாம். ஈமுவை அதே கம்பெனிதான் விற்றது, அதே கம்பெனிதான் வாங்கியது. எல்லாரும் விலை சொல்லக்கூடிய ஒரு பொருளைக் கொடுத்துவிட்டு, ஒரே ஒருத்தர் மட்டும் விலை சொல்கிற பொருளுக்கு மாறியதுதான் அங்கே நடந்தது.

திருப்பூரில் பாசி நிறுவனம் அதற்கும் முன்னால். அன்னியச் செலாவணி வியாபாரம் என்று சொல்லிப் பணம் வாங்கினார்கள். 2009இல் பணம் கொடுப்பது நின்றது. நம் திருப்பூர் மாவட்டம் பிறந்ததும் அதே வருசம்தான். கோயம்புத்தூர் நீதிமன்றம் 2022இல் இரண்டு பேருக்கு 27 வருசம் சிறைத் தண்டனை கொடுத்தது. நடுவில் 13 வருசம். தண்டனை கிடைத்தது நல்லது. ஆனால் 2009இல் பணம் கட்டியவருக்கு இருந்த கல்யாணமும் வைத்தியமும் 13 வருசம் காத்திருந்திருக்குமா?

இப்போது அதே ஆட்கள் போனுக்குள் வந்துவிட்டார்கள். வாட்ஸ்அப் குரூப்பில் சேர்த்துவிட்டு, ஷேர் வாங்கித் தருகிறோம், உங்கள் 10,000 ஒரே வாரத்தில் 18,000 ஆகியிருக்கிறது என்று ஸ்கிரீனில் காட்டுவார்கள். எடுக்கப் போனால் "வரி கட்டுங்க, அப்பத்தான் எடுக்க முடியும்" என்பார்கள். மேலே ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். உடனே 1930க்குப் போன் பண்ணுங்கள். எத்தனை சீக்கிரம் சொல்கிறீர்களோ அத்தனை நல்லது.

இதைச் சொல்வதால் ஷேர் என்றாலே மோசடி என்று நினைத்துவிட வேண்டாம். முறையான மியூச்சுவல் பண்டில் மாதா மாதம் கொஞ்சம் போடுகிற தங்கைகள் நம்மிடம் இருக்கிறார்கள். 2020 ஜனவரியில் மும்பைப் பங்குச் சந்தைக் குறியீடு 42,000 பக்கம் இருந்தது. ஊரடங்கு வந்த மார்ச்சில் 26,000க்கும் கீழே விழுந்தது. நவம்பரில் பழைய இடத்தைத் தாண்டிவிட்டது. மார்ச்சில் வட்டிக்காரர் வாசலில் நின்றதால் விற்றவருக்கு நட்டம், ஐந்தாறு வருசத்துக்குத் தேவைப்படாத பணத்தைப் போட்டவருக்கு ஒன்றும் ஆகவில்லை. பண்டு ஒன்றுதான், வீட்டு நிலைமைதான் வேறு.

இன்னொரு மாற்றல் இருக்கிறது. இதைப் பேசாமல் போனால் எங்களுக்கு மனசு கேட்காது. போர் போடுவது.

நகையை விற்றுப் போர் போடுகிற வீடு இந்தத் தாலுக்காவில் எத்தனை! "தண்ணி வந்தா பண்ணையம் பொழைச்சுக்கும்" என்பார்கள். வரலாம். 1,000 அடி போயும் புகை மட்டும் வந்த குழிகளும் நமக்குத் தெரியும். அதற்குள் இறக்கிய பணத்தைத் திருப்பி எடுக்க முடியாது, அந்தக் குழியை யாரும் விலைக்கு வாங்க மாட்டார்கள். போடவே கூடாது என்று சொல்லவில்லை. முடிவு எடுக்கிற இடத்தில் நீங்களும் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று சொல்கிறோம். நகை உங்களுடையது. உங்கள் அப்பா அம்மா சீராகப் போட்டது. "பால் கறக்கப் போயிருந்தேன், வந்து பார்த்தா பீரோ தொறந்து கெடந்துச்சு" என்று ஒரு அக்கா எங்களிடம் சொல்லி அழுதிருக்கிறார். எத்தனை பவுன் வரைக்கும் இறக்கலாம், அதற்கு மேல் கிடையாது என்று லாரி வருவதற்கு முன்னால் வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். முதல் குழி வற்றிப்போன ஆத்திரத்தில் இரண்டாவது குழிக்கு மீதி நகையைக் கழற்றிக் கொடுக்காதீர்கள். நிலம் வாங்குவதற்காக நகையை விற்கிறீர்கள் என்றால் பத்திரத்தில் உங்கள் பெயர் இருக்கட்டும். 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு என்று 2025 ஏப்ரல் 1 முதல் தமிழக அரசு கொடுத்திருக்கிறது. வீட்டில் "ஏன் உன் பேர்ல?" என்று கேட்டால், "கட்டணம் குறையுதுங்க" என்று சொல்லிவிடுங்கள். (கைதட்டல்)

குழுப் பணத்தைப் பற்றிக் கடைசியாக. இரண்டு மூன்று குழுக்களில், "பேங்குல சும்மா கெடக்குற பணத்துல தங்கக் காசு வாங்கி வெச்சா என்ன?" என்று கேட்டார்கள். எங்களுக்கு இதில் சம்மதம் இல்லை. உங்கள் சொந்தப் பணம் உங்கள் விருப்பம். குழுப் பணம் 15 பேருடையது, இன்றைக்கு ஒருத்தருக்கு, நாளைக்கு ஒருத்தருக்கு அவசரம் வரும். ராத்திரி பத்து மணிக்குப் பிரசவ வலி எடுத்த உறுப்பினருக்கு, "பவுன் வெலை இறங்கியிருக்குது, கொஞ்சம் பொறுங்க" என்று சொல்ல முடியுமா? நூற்றுக்கு இரண்டு, மூன்று வட்டிக்கு வெளியில் கடன் வாங்கியிருக்கிற நம் உறுப்பினர் ஒருத்தருக்கு, நூற்றுக்கு ஒன்றில் உள்கடன் கொடுத்து அதை அடைக்க வைத்தால், குழுவுக்கும் வருமானம், அவருக்கும் மிச்சம். தங்கக் காசு இதைச் செய்யாது.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது, அடகில் நகை வைத்திருக்கிற எல்லாரும் சீட்டை எடுத்து வாருங்கள். எந்தத் தேதியில் வைத்தது, எத்தனை கிராம், எத்தனை கடன், என்ன வட்டி, கெடு எப்போது, இத்தனையும் அதில் இருக்கும். படிக்க முடியாதவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்துச் சொல்ல கூட்டமைப்பில் இருந்து நாலு பேர் இருப்பார்கள். யாருடைய நகையை மீட்கலாம், யாருக்குக் கொஞ்சம் விற்பது நல்லது என்று ஒவ்வொருவருக்கும் தனியாகக் கணக்குப் போடலாம். வெளியில் சொல்லக் கூச்சமாக இருக்கிறவர்கள் கூட்டம் முடிந்த பிறகு இருங்கள், நாங்களும் இருப்போம். கெடு இந்த மாதத்துக்குள்ளேயே முடிகிறவர்கள் மட்டும் அதுவரை காத்திருக்க வேண்டாம், இன்றைக்கே உங்கள் ஊக்குநரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.